சத்தத்துக்கு ஒரு பெட்டி

மன்னார்த் தீவில் அந்த நாட்களில் கக்கூஸ் என்றால் என்னிடம்தான் வருவார்கள். பிழையாக நினைக்க வேண்டாம், வரைபடத்துக்காக வருவார்கள். இடம்பெயர்ந்த சனங்களின் முகாம்களில் தற்காலிகக் கழிப்பறை கட்டிக்கொடுக்கும் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் நான் படவரைஞனாக இருந்தேன். ஒரே கழிப்பறை, ஒரே அளவு, ஒரே தகரக் கதவு. முகாமின் பெயரை மட்டும் மாற்றி மாற்றி அச்சடிப்பேன். வெள்ளவத்தையில் கொம்பியூட்டரில் படம் வரையும் படிப்பு ஒன்றை முடித்து, அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வீட்டுச் சுவரில் மடு மாதாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன். மாதாவுக்கு ஏற்றும் விளக்கின் வெளிச்சம் கொஞ்சம் சான்றிதழிலும் விழட்டும் என்பது என் ஏற்பாடு.

எங்கள் கந்தோருக்கு உண்மையான எஞ்சினியர் ஒருவர் இருந்தார். அவர் எப்போதும் வவுனியாவில் ஏதாவது கூட்டத்தில் இருப்பார். யாராவது வந்து “எஞ்சினியர் நிக்கிறாரோ?” என்று கேட்டால் நான் கதிரையை விட்டு எழும்பி நிற்பேன். நிற்கிறார் என்றும் சொல்லமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன். வந்தவர்கள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

சமாதான ஒப்பந்தம் கடதாசியில் மட்டும் மிச்சமிருந்த காலம் அது. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்துக்கு அப்பால் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. விடத்தல்தீவுக்குப் போகும் பாதை மூடப்பட்டுவிட்டது. என் மனைவியின் ஊர் விடத்தல்தீவு. தாயும் தம்பிமாரும் அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டார்கள். இந்தப் பக்கம் அவளுக்கு நான் மட்டும்தான். அந்த நிலைமையின் முழுப் பயங்கரத்தையும் அவள் என்னைவிட நன்றாக உணர்ந்திருந்தாள்.

அவள் மூன்றாவது தடவையாகக் கருவுற்றிருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது பிள்ளைக்கு நாங்கள் பெயர்கூடப் பேசிவைத்திருந்தோம், அதைப்பற்றி நான் இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. இந்த முறை டொக்டர் முன்கூட்டியே அவளைத் தீவில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டார். நடக்கக் கூடாது, யோசிக்கக் கூடாது, நன்றாக நித்திரை கொள்ள வேண்டும். “வேற மருந்து என்னட்டை இல்லை. நித்திரைதான் மருந்து” என்றார். நான் ஒரு எஞ்சினியருக்குரிய முகத்தோடு தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரியின் பெண்கள் வாட்டில் அவளுடைய கட்டில் கடைசி யன்னலோரம். யன்னலுக்கு வெளியே, ஒரு சுவருக்கு அப்பால், ஆஸ்பத்திரியின் ஜெனரேற்றர். பொழுதுபட்டால் மின்சாரம் நிற்கும், ஜெனரேற்றர் தொடங்கும். விடியும்வரை ஓடும். அது ஓடும்போது மேசையில் இருக்கும் கோப்பைத் தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழும்பும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரோடு பேச வேண்டுமென்றால் சண்டை பிடிக்கும் குரலில்தான் பேச வேண்டும்.

“நித்திரை வந்ததோ?” என்று ஒவ்வொரு நாளும் பொழுதுபட்டதும் கத்துவேன்.

“எப்பிடி வரும்? கட்டில் எழும்பி நடக்குது” என்று அவளும் கத்துவாள். பிறகு “ஊரில என்ன புதினம்?” என்பாள்.

“ஒண்டும் இல்லை. எல்லாம் அமைதியாத்தான் கிடக்குது. நீர் படுத்து நித்திரை கொள்ளும்.”

இது நான் தினமும் சொன்ன பொய். பொழுதுபட்ட பிறகு பெருநிலத்துப் பக்கம் பீரங்கி அடிக்காத நாளே இல்லை. வீட்டில் தனியாக இருக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் சுவரில் என் சான்றிதழ் ஆடும். மாதா ஆடுவதில்லை, அவவுக்கு இரண்டு ஆணி அடித்திருந்தேன். இதையெல்லாம் படுக்கையில் கிடப்பவளிடம் சொல்ல முடியுமா? தாயும் தம்பிமாரும் அந்தத் திசையில் இருக்க, அங்கேதான் குண்டு விழுகிறது என்று சொன்னால் பிள்ளை தங்குமா? ஆகவே அமைதி என்றேன். என் முகத்தைப் பார்த்தே எதையும் கண்டுபிடிக்கும் அவள் இதை மட்டும் நம்பினாள். எனக்குப் பொய் சொல்லும் கலை இவ்வளவு நன்றாகக் கைவந்துவிட்டதே என்று உள்ளூரப் பெருமைப்பட்டேன்.

அந்த நேரத்தில்தான் எங்கள் நிறுவனம் அந்த வாட்டைப் பெருப்பித்துக் கட்டும் வேலையை எடுத்தது. படம் வரைவது கொழும்பில் ஒரு கட்டடக்கலைஞர் கந்தோர். வேலைகளின் வரிசையில் கடைசியாக, ‘ஜெனரேற்றருக்கு ஒலி அடக்கும் பெட்டி’ என்று ஒன்று இருந்தது. அதைக் கண்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெட்டியை முதலில் செய்வோம், கட்டடம் ஆறுதலாக வரட்டும் என்று மேலிடத்தோடு மல்லுக்கட்டினேன். சரி, கொழும்பு ஒப்புக்கொண்டால் செய்யலாம் என்றார்கள்.

கொழும்புக் கட்டடக்கலைஞர் ஒரு சிங்களப் பெண்மணி. தொலைபேசியில் பொறுமையாக விளக்கினார். இப்போதெல்லாம் அவர்கள் கோடு வரைவதில்லையாம். கட்டடத்தை நிலத்தில் கட்டுமுன் கொம்பியூட்டருக்குள் முழுதாகக் கட்டிவிடுவார்களாம். கதவு வேண்டுமென்றால் ஆயத்தமான கதவு ஒன்றை எடுத்துச் சுவரில் வைத்தால் போதும், சுவர் தானாக விலகி இடம்விடும். கதவு, யன்னல், கைகழுவும் பேசின் எல்லாவற்றுக்கும் அதைச் செய்யும் கம்பனிகளே உருவம் செய்து வைத்திருக்கின்றன. ஆனால் மன்னாரில் ஒருவர் பழைய இரும்பை ஒட்டிச் செய்யப்போகும் பெட்டிக்கு எந்தக் கம்பனி உருவம் செய்து வைத்திருக்கும்? அதை நான்தான் செய்து அனுப்ப வேண்டும். நீள அகலம் மட்டும் போதாது. பாரம் எவ்வளவு, கதவு எந்தப் பக்கம் திறக்கும், காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறும், உள்ளே என்ன பூசியிருக்கிறது, வயர் எதனூடாக வருகிறது என்பதெல்லாம் அந்த உருவத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். உள்ளதை உள்ளபடி செய்யுங்கள், ஒன்றையும் விடாதீர்கள் என்றார். உங்களால் முடியும்தானே?

“ஓம், ஓம்” என்றேன். அந்த மென்பொருளை அதுவரை நான் கண்ணால் கண்டதில்லை.

அது ஒரு குறுந்தட்டில் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. எங்கள் கந்தோர்க் கொம்பியூட்டர் அதை விழுங்கிவிட்டு நெடுநேரம் பேச்சுமூச்சில்லாமல் இருந்தது. நானும் அப்படித்தான் இருந்தேன். தட்டித் தடவி ஒரு பெட்டியைச் செய்து அனுப்பினேன். மறுநாள் பெண்மணி அழைத்தார். உங்கள் பெட்டியை எங்கள் ஆஸ்பத்திரிப் படத்தில் வைத்தோம், இப்போது ஆஸ்பத்திரி பெட்டிக்குள்ளே இருக்கிறது என்றார். மில்லிமீற்றருக்கும் அங்குலத்துக்கும் நடுவில் எங்கோ வழுக்கி விழுந்திருக்கிறேன். சத்தம் அடங்க வேண்டுமானால் அதுவும் ஒரு வழிதான் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

பெட்டி செய்ய ஒப்புக்கொண்டவர் பேசாலையில் றோலர் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களுக்கு வெல்டிங் செய்யும் ஒருவர். வாய் பெரிசு. “தம்பி, நான் கப்பலுக்கே மூடி செய்தனான். உது என்ன பெட்டி” என்பார். எந்தக் கப்பல் என்று அவர் சொன்னதில்லை. அவர் மூடி செய்த கப்பலை நான் காணவில்லை, நான் படித்த எஞ்சினியரிங்கை அவர் காணவில்லை. அதனால் எங்களுக்குள் மரியாதை கடைசிவரை குறையவே இல்லை.

உலகத்தில் எங்கும் படம் முதலில், பொருள் பிறகு. எங்களுக்கு அது தலைகீழ். எந்தத் தகடு எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. கிடைத்ததை வெட்டி அவர் ஒட்டிக்கொண்டே போவார், நான் அளவுநாடாவோடு பின்னால் ஓடுவேன். ஒரு பக்கச் சுவர் உடைந்த றோலரின் மேற்கூண்டு. இடது கதவு ஐஸ் பெட்டியின் மூடி. மற்றக் கதவு எதனுடைய மூடி என்று நான் கேட்கவில்லை, அது இடது கதவைவிட ஒரு சாண் உயரமாக இருந்தது. உள்ளதை உள்ளபடி என்றார்கள் அல்லவா? அப்படியே செய்து அனுப்பினேன். ஏன் ஒரு கதவு உயரம் என்று கொழும்பிலிருந்து கேள்வி வந்தது. “அந்தத் தகடு அவ்வளவு உயரம்” என்று பதில் அனுப்பினேன். இதற்கு மேல் நேர்மையாக ஒரு படவரைஞன் இருக்க முடியாது.

சத்தத்தை உறிஞ்ச உள்ளே கண்ணாடிப் பஞ்சு வைக்க வேண்டும். மன்னாரில் கண்ணாடியும் இருந்தது, பஞ்சும் இருந்தது, கண்ணாடிப் பஞ்சு இருக்கவில்லை. வெல்டிங்காரர் தும்பு மெத்தைகளை அறுத்து, எரிபிடிக்காமல் இருக்கக் களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்து பூசி, மேலே கோழிக்கூட்டு வலை அடித்தார். மென்பொருளில் பொருட்களின் பெயர் வரிசை ஒன்று உண்டு. அதில் தேங்காய்த் தும்பைத் தேடித் தேடிக் களைத்து, அதற்குக் கிட்டிய உறவாக எனக்குப் பட்ட ‘கம்பளம்’ என்பதைத் தெரிவுசெய்தேன். ஜெனரேற்றருக்குக் கம்பளம் விரிக்கும் ஆஸ்பத்திரியை நான் இதுவரை பார்த்ததில்லை என்றார் கொழும்புப் பெண்மணி.

இந்தப் போக்குவரத்தில் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. வாட்டில் கிடந்தவளுக்குக் கண்ணைச் சுற்றிக் கறுப்பு விழுந்துவிட்டது. ஒரு நாள் சின்னதாக வலி வந்து, டொக்டர் ஓடிவந்து, பிறகு அடங்கியது. நான் யன்னலருகே நின்று அந்த மிஷினைக் கெட்ட வார்த்தையால் திட்டினேன். அது ஓடும் சத்தத்தில் நான் திட்டியது எனக்கே கேட்கவில்லை.

பெட்டியின் முகப்பில் வெல்டிங்காரர் ஒரு சின்னக் கூடு ஒட்டினார். எஞ்சின் உள்ள எதுவானாலும், வள்ளமோ உழவு இயந்திரமோ நெல் குத்தும் மிஷினோ, அதன் முகப்பில் மடு மாதாவுக்கு ஒரு கூடு வைக்காமல் அவர் கையை எடுக்கமாட்டார். அவர் மட்டுமல்ல, எங்கள் கரையில் யாரும் அப்படித்தான். அதைப்பற்றி யோசிப்பதுகூட இல்லை. கதவுப் பிணைச்சலைப்போல அதுவும் ஒரு பாகம்.

நானும் யோசிக்கவில்லை. கூட்டைச் செய்தேன். உள்ளே மாதாவைச் செய்தேன். முழுப் பெட்டிக்கும் எடுத்ததைவிட அந்தச் சொரூபத்துக்கு எனக்குக் கூட நேரம் எடுத்தது. மாதாவின் கையில் இருக்கும் பாலனுடைய விரல்கள் சரியாக வரவில்லை. அழித்து அழித்துச் செய்தேன். அந்தப் பிள்ளையை நான் வடிவாகச் செய்து முடித்தால் என் பிள்ளை தங்கிவிடும் என்று ஒரு எண்ணம் எப்படியோ மனதுக்குள் புகுந்துவிட்டது. கொம்பியூட்டர் படித்தவன் நினைக்கிற நினைப்பா அது? வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் விரல்களை விடவில்லை.

பெட்டி கொழும்புக்குப் பிடித்துப்போனது. பெருமையோடு காத்திருந்தேன். ஒப்புதலுக்குப் பதிலாகத் தொலைபேசி வந்தது. பெண்மணியின் குரலில் சிரிப்பும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. அவர்கள் வேறு இடங்களிலும் ஆஸ்பத்திரிகள் வரைந்துகொண்டிருந்தார்களாம். என் பெட்டி கச்சிதமாக இருந்ததால் அந்தப் படங்களிலும் எடுத்து வைத்துவிட்டார்களாம். ஒன்று கிழக்கில் ஒரு முஸ்லிம் ஊர். மற்றது தெற்கில், விகாரைக்கு எதிரே. இரண்டு இடத்துக் கூட்டத்திலும் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் காட்டியபோது, ஜெனரேற்றர் பெட்டியின் முகப்பில் கையில் பிள்ளையோடு மாதா நின்றிருக்கிறா. எந்த மதத்தைப் பரப்பும் நிறுவனம் இது என்று கேட்டிருக்கிறார்கள். விஷயம் மேலிடத்துக்குப் போய், எல்லாப் பெட்டிகளின் ஒப்புதலும் நிறுத்தப்பட்டுவிட்டது.

“யார் இதை வைக்கச் சொன்னது?” என்று கேட்டார்.

“மேடம், இஞ்ச அது இல்லாமல் மிஷின் ஓடாது” என்றேன். உண்மையாகவே வேறு பதில் எனக்குத் தோன்றவில்லை.

அழித்துவிடுங்கள் என்றார். அன்று முழுவதும் அழிக்கும் பொத்தானுக்கு மேலே விரலை வைத்தபடி இருந்தேன். அந்தப் பிள்ளையை என்னால் அழிக்க முடியவில்லை. அவள் அந்த நிலையில் கிடக்க நான் எப்படி அதைச் செய்வேன்? கடைசியில் மென்பொருளின் ஒரு மூலையில் ஒரு வசதியைக் கண்டுபிடித்தேன். ஒரு பாகத்துக்குச் சின்னக் கட்டம் ஒன்று வைக்கலாம். சரி அடையாளம் போட்டால் அந்தப் பாகம் தெரியும், எடுத்துவிட்டால் மறையும். பெட்டியின் விபரங்களில், நீளம், அகலம், பாரம் என்பவற்றுக்குக் கீழே, ‘மாதா: உண்டு, இல்லை’ என்று ஒரு கட்டம் சேர்த்து அனுப்பினேன். கொழும்பில் ஒரு கந்தோர் முழுவதும் சிரித்ததாகப் பிறகு அறிந்தேன். தெற்குக்கும் கிழக்குக்கும் இல்லை, மன்னாருக்கு உண்டு. அந்தப் பெண்மணி ஒப்புதலை வாங்கித் தந்துவிட்டார். நான் வாழ்க்கையில் செய்த ஒரே கண்டுபிடிப்பு அதுதான்.

ஒப்புதல் வந்த படத்தைப் பெரிய தாளில் அச்சடித்துச் சுருட்டிக்கொண்டு பேசாலைக்குப் புறப்பட்டேன். காவலரணில் இறக்கி விரிக்கச் சொன்னார்கள். தடித்த சுவர், கனத்த கதவு, முன்னும் பின்னும் நீள நீளமாக வெட்டிய துவாரங்கள். சிப்பாய் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அதிகாரியைக் கூப்பிட்டான். பதுங்குகுழி வரைந்துகொண்டு காவலரணுக்கே கொண்டுவந்த முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். அதிகாரி துவாரத்தில் விரலை வைத்து, இதற்குள்ளால் யார் சுடுவது என்ற பாவனையில் கண்ணை உயர்த்தினார். எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் வயிற்றுக்குள் இறங்கிவிட்டது. “ஹுளங் விதரய், மாத்தயா” என்றேன். காற்று மட்டும்தான் ஐயா. அதற்குள் என் மனைவி, பிள்ளை, நித்திரை, டொக்டர் எல்லாவற்றையும் கையாலும் வயிற்றாலும் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அதிகாரி கடைசியில் மாதா கூட்டைக் கண்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாளைச் சுருட்டிக் கையில் தந்து போகச் சொன்னார்.

பெட்டியை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கொண்டுவந்து ஜெனரேற்றரின் மேலே இறக்கினோம். பொழுதுபட்ட கையோடு நடத்திய முதல் பரீட்சையில் ஒரு தும்பு மெத்தை சரிந்து காற்றுவழியை அடைத்ததில் எஞ்சின் மூச்சுமுட்டி நின்றுபோய் வாட்டு இருண்டது. ரோச் வெளிச்சத்தோடு உள்ளே ஓடினேன். “இருட்டு வந்தவுடனேயே நீங்கள்தான் எண்டு விளங்கீட்டுது” என்றாள். ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் சிரித்ததைக் கண்டேன்.

மெத்தையைச் சரிசெய்து, பிணைச்சல்களை இறுக்கி, அடுத்த நாள் பொழுதுபடும் நேரம் மறுபடி ஓடவிட்டோம். வெல்டிங்காரர் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திப் பூட்டிச் சாவியை என்னிடம் தந்தார். கடைசிக் கதவு மூடியபோது அந்தச் சத்தம் எங்கோ நிலத்துக்குள் இறங்கிவிட்டது. தொலைவில் ஒருவர் தையல் மிஷின் மிதிப்பது அளவுக்கு மட்டும் மிச்சம். நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். “சொன்னன்தானே தம்பி, கப்பலுக்கே செய்தனான்” என்றார். அந்தக் கப்பலை அன்று நான் முழுமனதோடு நம்பினேன்.

வாட்டுக்குள் நடந்து போனேன். நடந்து என்றா சொன்னேன்? ஊர்வலம் போனேன். வாட்டுத் தாதி மிஸ்ஸி மெல்லிய குரலில் “தாங்க்யூ எஞ்சினியர்” என்றா. மெல்லிய குரல்! அந்த வாட்டில் அதுவரை யாருக்கும் மெல்லிய குரல் இருந்ததே தெரியாது. கட்டில்களில் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நான் அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

“இனி நித்திரையைக் கொள்ளும்” என்றேன்.

அவள் கண்ணை மூடினாள். நான் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பெருநிலத்துப் பக்கம் முதலாவது அடித்தது. கண்ணாடி யன்னல் மெல்லச் சிணுங்கியது. அடுத்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக.

அவள் கண்ணைத் திறந்தாள். வாட்டு முழுவதும் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தது. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைக் காத்திருந்தார்கள். அவள் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

“அம்மான்ர பக்கம்” என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். ஒரு பொய்யும் வரவில்லை.

“இது இண்டைக்குத்தான் தொடங்கினதோ?” என்று மிஸ்ஸியைப் பார்த்துக் கேட்டாள்.

“இல்லையம்மா, எல்லா நாளும் அடிக்கிறவங்கள்தான்” என்றா மிஸ்ஸி. “மிஷின் சத்தத்தில உங்களுக்கு இஞ்ச கேக்கேல்லை.”

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அமைதி, அமைதி என்று நான் சொன்ன அத்தனை இரவுகளும் அந்தப் பார்வையில் இருந்தன. என் பொய்யை அவள் நம்பியதற்கு என் திறமை காரணமில்லை, அந்த மிஷின்தான் காரணம். எனக்காக இரவு முழுவதும் கத்திக் கத்திப் பொய் சொன்ன ஒரே கூட்டாளியைத்தான் நான் தும்பு அடைத்து, வலை அடித்து, கொழும்பு ஒப்புதலோடு வாயடைத்திருக்கிறேன். எத்தனையோ விபரங்களை அந்த உருவத்துக்குள் திணித்த மூளைக்கு இந்த ஒன்று எட்டவில்லை. அந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

இன்னொன்று விழுந்தது. அவளுடைய முகம் சுருங்கியது. வலியோ பயமோ எனக்குத் தெரியவில்லை.

“என்னப்பா” என்றாள். “அந்தக் கதவுகளைத் திறந்து விடுங்கோ.”

“என்னது?”

“பெட்டியைத் திறவுங்கோ. கெதியா. எல்லாத்தையும் திறவுங்கோ.”

வெளியே ஓடினேன். வெல்டிங்காரர் அப்போதுதான் கைகளைத் துடைத்துக்கொண்டு புறப்பட இருந்தார். நான் சாவியைப் போட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்ததைப் பார்த்து, “என்ன தம்பி, சூடாகுதோ?” என்று கேட்டார். உயரமான கதவு, குட்டைக் கதவு, பக்கக் கதவு எல்லாம் திறந்தேன். சத்தம் வெளியே பாய்ந்து, யன்னலுக்குள் புகுந்து, வாட்டை நிரப்பியது. திரும்பிப் போனபோது பெண்கள் ஒவ்வொருவராகப் போர்வையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கோப்பைத் தண்ணீரில் வளையங்கள் மறுபடி தொடங்கியிருந்தன. அவள் அந்தப் பேரிரைச்சலுக்குள் என் கையைப் பிடித்தபடி நித்திரையாகிவிட்டாள்.

பிறகு இரவில் அந்தக் கதவுகளை யாரும் மூடவில்லை. பொழுதுபட்டதும் மிஸ்ஸியே என்னிடம் சாவியை வாங்கிப்போய்த் திறந்துவிடுவா. பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று கொழும்பிலிருந்து கேட்டார்கள். நன்றாக வேலை செய்கிறது, எல்லோரும் நித்திரை கொள்கிறார்கள் என்று சொன்னேன். இரண்டும் உண்மைதான். இப்படித் தனித்தனியாக உண்மையாக இருக்கும் இரண்டு விஷயங்களை அருகருகே வைத்துத்தான் அந்த யுத்தகாலத்தை நாங்கள் ஓட்டினோம்.

நாள் வந்தபோது பின்னேரம் தாண்டி இருட்டத் தொடங்கியிருந்தது. பிரசவ அறை வாட்டின் மறுமுனை. என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். திறந்த பெட்டிக்குள்ளிருந்து ஜெனரேற்றர் முழுக்குரலில் கத்திக்கொண்டிருந்தது. பெருநிலத்துப் பக்கம் அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். நான் நடந்தேன், நின்றேன், நடந்தேன். அந்த அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வருமா என்று காதைக் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. போன முறையும் ஒன்றும் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மிஸ்ஸி வெளியே வந்து ஏதோ சொன்னா. உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. நான் முழித்துக்கொண்டு நின்றேன். அவ கிட்டே வந்து என் காதுக்குள் கத்தினா.

“பொம்பிளைப் பிள்ளை! எவ்வளவு நேரமாக் குளறுறா! உங்களுக்குக் கேக்கேல்லையே?”

சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. போய்க் கதவுகளை மூடினால் என் பிள்ளை அழுவது எனக்கு நன்றாகக் கேட்கும். தாய்க்கு மற்றதும் கேட்கும். மூடவில்லை. உள்ளே போய், முழந்தாளில் நின்று, அந்தச் சின்ன வாயில் என் காதை வைத்துக் கேட்டேன்.